இரத்தம் பற்றிய கதைகள்: மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து சில குறிப்புகள்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே வாழைச்சேனைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால், வழியில் வரும் ஊர்ப் பெயர்களே ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு வரும். சத்துருக்கொண்டான், ஏறாவூர், வந்தாறுமூலை, சந்திவெளி. சத்துருக்களைக் கொன்ற இடம் சத்துருக்கொண்டான். பகைவர் திரும்ப ஏறிவர முடியாதபடி காவல் வைத்த ஊர் ஏறாவூர். துரத்திச் சென்றவர்கள் வந்து களைப்பாறிய இடம் வந்தாறுமூலை. இரு தரப்பும் சந்தித்த வெளி சந்திவெளி. இப்படித்தான் எங்கள் மூத்தவர்கள் சொல்லித் தந்தார்கள்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். வாவிக்கரையின் உரிமைக்காக முக்குவருக்கும் திமிலருக்கும் போர் மூண்டது. முக்குவர் தனித்து வெல்ல முடியாமல், வியாபாரத்துக்கு வந்திருந்த முஸ்லிம்களின் உதவியை நாடினார்கள். அவர்களைப் பட்டாணியர் என்று கதை சொல்கிறது. திமிலர் வடக்கே விரட்டப்பட்டனர். உதவிக்கு வந்தவர்களுக்குப் பரிசாக முக்குவப் பெண்களும் குடியிருக்க நிலமும் வழங்கப்பட்டன. விரட்டப்பட்டவர்கள் திரும்பி வராதிருக்க ஏறாவூரில் முஸ்லிம்கள் குடியமர்த்தப்பட்டனர். எப். எக்ஸ். சி. நடராசா 1962 இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மிய’மும், வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழக’மும் இம்மரபை அச்சுக்குள் கொண்டுவந்த நூல்களில் முக்கியமானவை.

தமிழ் - முஸ்லிம் உறவின் தொன்மைக்குச் சான்றாகவே இக்கதையை மேடைகளில் எடுத்துச் சொல்கிறோம். “பிட்டும் தேங்காய்ப்பூவும் போல” என்ற உவமையும் கூடவே வந்துவிடும். ஆனால் கதையில் இன்னொரு தரப்பும் இருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. திமிலருக்கு இக்கதையில் முகம் இல்லை, பேச்சு இல்லை. அவர்கள் சத்துருக்கள். கொல்லப்படுவதற்கும் விரட்டப்படுவதற்குமே கதைக்குள் வருகிறார்கள். வாவிக்கு அப்பால் திமிலைதீவு என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பரிசாக வழங்கப்பட்ட பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதும் கதையில் இல்லை.

இனவாதம் என்பது துவக்கோடும் சட்டத்தோடும் மட்டும் வருவதல்ல. அது முதலில் கதையாக வருகிறது. மற்றவனின் இரத்தம் வேறு, அவனுடைய தாய் வேறு, ஆகவே அவன் மனமும் வேறு என்று சொல்லும் கதை. அத்தகைய கதைகள் எங்கிருந்து வந்தன, இந்த வாவிக்கரையில் என்ன செய்தன என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

கப்பலில் வந்த பெயர்

நமது பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் ‘இலங்கைச் சோனகர்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அது ‘மூர்’. சோனகர் என்பது பழந்தமிழின் ‘யவனர்’ என்ற சொல்லோடு உறவுடையது. மூர் என்பதோ போர்த்துக்கேயர் கப்பலில் கொண்டுவந்த சொல். வடமேற்கு ஆபிரிக்காவின் பழங்குடிகளை உரோமர் அழைத்த பெயர், ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் ஆண்ட முஸ்லிம்களுக்காகி, அங்கிருந்து இந்து சமுத்திரத்தின் முஸ்லிம்கள் அனைவருக்குமாக நீட்டப்பட்டது.

அந்தச் சொல்லோடு ஒரு மனப்பான்மையும் வந்தது. 1449 இல் ஸ்பெயினின் டொலிடோ நகரில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. யூதர்களாக இருந்து கிறிஸ்தவர்களாக மாறியவர்களும் அவர்களது சந்ததியினரும் நகரின் பதவிகளை வகிக்க முடியாது என்றது அது. ஞானஸ்நானம் பெற்றாலும் இரத்தம் தூய்மையற்றது என்பதே காரணம். மதம் மாறலாம், இரத்தம் மாறாது என்ற இந்த வாதத்தை நவீன இனவாதத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். 1492 இல் கிரனாடா வீழ்ந்தபின், மதம் மாறிய முஸ்லிம்களான மொரிஸ்கோக்கள் மீதும் அதே சந்தேகம் பாய்ந்தது. 1609 முதல் 1614 வரையில் அவர்கள் கூட்டம் கூட்டமாக நாடு கடத்தப்பட்டனர்.

அக்காலத்தில் போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே அரசரின் கீழ் இருந்தன என்பது கவனிக்கத்தக்கது. மொரிஸ்கோக்களை விரட்டத் தொடங்கிப் பதினேழு ஆண்டுகளில், 1626 இல், இலங்கையில் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றும் கட்டளையைப் போர்த்துக்கேயர் பிறப்பித்தனர். வெளியேற்றப்பட்டவர்களுக்குக் கண்டி மன்னன் செனரத் புகலிடம் அளித்தான் என்றும், நாலாயிரம் பேரை மட்டக்களப்பில் குடியேற்றினான் என்றும் போர்த்துக்கேயப் பாதிரியார் குவைரோஸ் எழுதியிருக்கிறார். கிரனாடாவில் தொடங்கிய கதையின் ஓர் இழை இப்படித்தான் இந்த வாவிக்கரையில் வந்து முடிந்தது. புலியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது அதன் பின்னர், 1628 இல். நம்மை வெளியேற்றியவர்கள் வைத்த பெயரையே இன்று நாம் நமது இனப்பெயராக வைத்திருக்கிறோம்.

இராமநாதனும் அஸீஸும்

இரத்தம் பற்றிய இரண்டாவது விவாதம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. சட்ட நிரூபண சபையில் தமிழ்ப் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன், 1885 இல் அச்சபையிலும், பின் 1888 இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையிலும், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டுமே வேறுபட்டவர் என்று வாதிட்டார். மொழி, வழக்காறு, உடற்தோற்றம் ஆகிய மூன்றையும் அவர் ஆதாரம் காட்டினார். சித்திலெப்பையின் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை அப்போதே இதனை எதிர்த்தது. 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் விரிவான மறுப்பு நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். சோனகரின் முன்னோர் அராபியர், தமிழ் அவர்கள் பின்னர் ஏற்றுக்கொண்ட மொழி என்பது அவர் வாதம்.

இந்த விவாதத்தின் பின்னணியில் ஓர் ஆசனம் இருந்தது. சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா இல்லையா என்பதே அன்றைய கேள்வி. 1889 இல் எம். சி. அப்துல் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். தமிழர் என்று ஏற்றால் ஆசனம் இல்லை, அராபியர் என்றால் ஆசனம் உண்டு என்ற நிலையில் அஸீஸின் பதில் அவ்வாறுதான் அமைந்திருக்க முடியும். பெரும்பான்மையின் பிரதிநிதி ஒருவர் சிறுபான்மையை நோக்கி “நீங்கள் நாங்களே” என்று சொல்லும்போது, அதில் அன்பு எவ்வளவு, அதிகாரம் எவ்வளவு என்று கேட்கும் உரிமை சிறுபான்மைக்கு உண்டு. அந்த வகையில் அஸீஸின் எதிர்ப்பு நியாயமானது.

எனினும் இருவரும் ஒரே தராசைத்தான் பயன்படுத்தினார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஒரு சமூகம் தன்னைத் தனிச் சமூகமாகக் கருத வேண்டுமானால் அதன் இரத்தம் தனியாக இருக்க வேண்டும் என்பதை இராமநாதனும் நம்பினார், அஸீஸும் நம்பினார். மூக்கையும் தோலையும் அளந்து மக்களைப் பிரித்த அன்றைய ஐரோப்பிய அறிவின் தராசு அது. நாமும் அதைக் கேள்வி கேட்காமல் நூறு ஆண்டுகளுக்கு மேல் சுமந்து வந்திருக்கிறோம்.

இதில் கிழக்கு மக்கள் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. ஹாஷிம் குடும்பத்தினர் கலீபா அப்துல் மலிக்கின் கொடுமைக்கு அஞ்சி எட்டாம் நூற்றாண்டில் இலங்கை வந்து எட்டு இடங்களில் குடியேறினர் என்ற மரபை அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் 1827 இல் பதிவு செய்தார். திருகோணமலை, யாழ்ப்பாணம், புத்தளம், கொழும்பு, காலி என்று நீளும் அந்தப் பட்டியலில் மட்டக்களப்பு இல்லை. மூன்று சமூகங்களுக்கும் சோறு போட்ட வயல்களை உழுத கிழக்கு விவசாயி அந்த வம்சாவழிக் கதைக்கு வெளியேதான் நிற்கிறான்.

தாயின் வழி

அவன் வெளியே நிற்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அராபிய வம்சாவழி தகப்பன் வழியில் எண்ணப்படுவது. மட்டக்களப்பில் எண்ணுவது தாய் வழியில். இங்கு பிள்ளை உம்மாவின் குடியைச் சேர்ந்தது. ஒரே குடிக்குள் திருமணம் இல்லை. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்கார் இருந்தார். அயல் கிராமத்துக் கோயிலில் குடிக்கொரு வண்ணக்கர் இருந்தார். முக்குவரின் தாய்வழி உரிமை வழமைகளை கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876 இல் நூலாகத் தொகுத்தார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே பல்லாண்டுகள் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்து 2008 இல் வெளியிட்ட நூலில், தமிழரும் முஸ்லிம்களும் இம்முறையை எவ்வளவு நெருக்கமாகப் பகிர்ந்திருக்கிறார்கள் என்பதை விரிவாகக் காட்டியிருக்கிறார்.

இதைக் கொண்டு இராமநாதன் வென்றார், அஸீஸ் தோற்றார் என்று சொல்ல வரவில்லை. கடல் வழியே வந்த அராபியர், மலையாளக் கரையார், காயல்பட்டினத்தார், பட்டாணியர், இந்த மண்ணின் பெண்கள் எல்லோரும் சேர்ந்தே நம்மை உண்டாக்கினார்கள். குடிமுறை நமக்குச் சொல்வது, வாவிக்கரையின் மக்கள் தங்கள் உறவைச் சிந்திக்க இரத்தத் தூய்மை என்ற எண்ணம் தேவைப்படவில்லை என்பதையே. திருமணம் எப்போதும் வேறு குடியோடுதான் நடக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. வேறாக இருப்பவனோடு உறவு கொள்வதற்காகவே அங்கு வேற்றுமை பேணப்பட்டது.

அதே வேளை, இந்த அமைப்பைப் பொற்காலமாக்கவும் கூடாது. அதற்குள்ளும் மேல் கீழ் இருந்தது. தமிழ்ச் சமூகத்தில் சாதி வெளிப்படையாக இருந்ததென்றால், நமக்குள் ஒஸ்தாமார் இருந்தனர். நமது பிள்ளைகளுக்குச் சுன்னத்துச் செய்தவர்களின் வீட்டில் பெண் எடுக்கவோ கொடுக்கவோ நாம் முன்வந்ததில்லை. வாகரைப் பக்கம் தமிழ் பேசி வாழும் வேடர்களை நாமும் தமிழரும் ஒன்றாகவே இளக்காரமாகப் பார்த்தோம். எழுவான்கரைக்காரருக்குப் படுவான்கரை என்றால் பிற்போக்கு.

அரக்கர்கள் எங்கிருந்து வருகிறார்கள்

மாயப் புனைகதைகளின் பக்கம் சற்றுத் திரும்புவோம். மகாவம்சத்தில் விஜயன் வந்திறங்கும்போது இத்தீவில் மனிதர் இல்லை, இயக்கர் இருக்கிறார்கள். குவேனி ஓர் இயக்கி. விஜயன் அவள் துணையோடு அவளது மக்களைக் கொன்று, பின் அவளையும் கைவிடுகிறான். அவளது பிள்ளைகளின் வழிவந்தோரையே வேடர் என்று பிற்காலத்தார் கொண்டனர். ஒரு தேசத்தைக் கைப்பற்றுமுன் அங்குள்ளவர்களைப் பேயாக்கிவிடுவது புராணங்களின் பழைய உபாயம்.

நமக்குப் பெருமையான ‘ஆயிரத்தொரு இரவுகள்’ இதற்கு விலக்கல்ல. அதன் தொடக்கக் கதையிலேயே அரசியின் துரோகத்துக்குத் துணையாக ஒரு கறுப்பு அடிமை வருகிறான். அதே அரபு மண்தான் கறுப்பினத் தாயின் மகனான கவிஞன் அன்தராவை வீரகாவிய நாயகனாக்கியது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்ஜாஹிழ் கறுப்பரின் சிறப்பை விளக்கித் தனிநூலே எழுதினார். நோயும் மருந்தும் ஒரே மரபில் இருந்திருக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் பெரிய மாயக் கதையான டோல்கினின் ‘மோதிரங்களின் தலைவன்’ (1954 - 1955) நூலில் ஓர்க்குகள் பிறவியிலேயே தீயவர்கள். தெற்கிலிருந்து யானைகளோடு வரும் கரிய மனிதர்கள் இருளின் அதிபதிக்காகப் போரிடுகிறார்கள். ஆனால் இதே டோல்கின், 1938 இல் ஜேர்மன் பதிப்பகமொன்று அவர் ஆரிய வம்சத்தவரா என்று விசாரித்தபோது சினந்து பதில் எழுதினார். அவர் கதைக்குள்ளும் ஓரிடத்தில், விழுந்து கிடக்கும் எதிரி வீரனின் உடலைப் பார்த்து சாம் என்ற எளிய பாத்திரம், இவன் உண்மையில் கெட்டவனா, எந்தப் பொய்யை நம்பி இவ்வளவு தூரம் வந்தான் என்று எண்ணுகிறது. ஒரு கணம்தான், பின் கதை போர்க்களத்துக்குத் திரும்பிவிடுகிறது.

உர்சுலா லெ குவின் 1968 இல் எழுதிய ‘எர்த்சீ’ நாவலின் நாயகன் செம்மண் நிறத்தவன். 2004 இல் அது தொலைக்காட்சித் தொடரானபோது அவனை வெள்ளையனாக்கிவிட்டார்கள். ஆசிரியை பகிரங்கமாகக் கண்டித்தார். மாயப் புனைகதைக்கான உலக விருதொன்று, இனவெறி மிகுந்த எழுத்தாளர் லவ்கிராஃப்டின் தலையுருவில் பல்லாண்டுகளாக வழங்கப்பட்டு வந்தது. அவ்விருதைப் பெற்ற நைஜீரிய வம்சாவழி எழுத்தாளர் நெடி ஒகோராஃபர் போன்றோர் கேள்வி எழுப்பியபின், 2015 இல் அந்தத் தலையுரு கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

கதைதானே என்று இவற்றை ஒதுக்கிவிட முடியாது. பிறவியிலேயே தீய ஓர் இனம் இருக்க முடியும் என்று ஒரு கதை நம்மைப் பழக்கிவிட்டால், அந்த இனத்தின் பிள்ளையைக் கொல்வதற்கும் கதைக்குள் காரணம் கிடைத்துவிடுகிறது.

1990

ஊர்ப் பெயர்களுக்குத் திரும்புவோம். 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் பயணிகளான முஸ்லிம்கள் கடத்திக் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். ஓகஸ்ட் 11 ஆம் திகதி இரவு ஏறாவூர். பகைவர் ஏற முடியாத ஊர் என்று கதை சொன்ன ஊரில், உறங்கிக் கொண்டிருந்த பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். அடுத்த நாள் சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில், கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அதில் ஊர்காவல் படையினர் மீது குற்றச்சாட்டு இருக்கிறது. அந்தப் படையில் நம்மவர்கள் இருந்தனர் என்பதை இந்தப் பக்கங்களில் நாம்தான் எழுத வேண்டும். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1985 ஏப்ரலில், காரைதீவில் தமிழரின் வீடுகள் எரிந்தபோதும் நம்மவர்களின் கைகள் சுத்தமாக இருக்கவில்லை.

செப்டெம்பர் 5 ஆம் திகதி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்த 158 தமிழர்களை இராணுவத்தினர் கொண்டு சென்றனர். வந்து ஆறிய மூலையிலிருந்து போனவர்கள் திரும்பி வரவேயில்லை. செப்டெம்பர் 9 ஆம் திகதி, சத்துருக்கொண்டானிலும் அயல் கிராமங்களிலும் நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் படையினரால் அழைத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் கைக்குழந்தைகளும் இருந்தன. அந்தக் குழந்தைகள் யாருடைய சத்துருக்கள்?

பழங்கதை இந்தக் கொலைகளைச் செய்தது என்று யாரும் சொல்ல முடியாது. அரசும் இயக்கங்களும் ஆயுதமும் நிலமும் அதிகாரமும் செய்தன. ஆனால் அதற்கு முன்பே சொற்கள் ஆயத்தமாக இருந்தன. அவர்கள் வாயில் நாம் ‘சோனி’, ‘தொப்பி பிரட்டி’. நம் வாயில் அவர்களுக்கும் பெயர்கள் இருந்தன, இருக்கின்றன. பிறவியிலேயே துரோகி, பிறவியிலேயே நன்றி கெட்டவன் என்ற எண்ணத்தை அந்தச் சொற்கள் வீட்டுத் திண்ணையிலேயே பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டன.

யுத்தம் 2009 இல் முடிந்தும் கதைகள் முடியவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாக ஒரு வதந்தி பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அப்படியொரு மாத்திரை உலக மருத்துவத்திலேயே இல்லை. மந்திரவாதிக் கதையில் மட்டுமே இருக்கக்கூடிய மாத்திரை அது. 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் மாண்டனர். அன்றைய தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன். மற்ற மதத்தவர் எல்லோரையும் ஒரே நிறத்தில் தீட்டும் கதை நமக்குள்ளும் வளர்ந்திருந்தது என்பதை அந்த நாள் காட்டியது. அதன் பின் நம் சமூகம் முழுவதும் ஒரே நிறத்தில் தீட்டப்பட்டது.

2020 இல் கொவிட் நோயால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் நஞ்சாகும் என்று சொல்லிக் கட்டாயமாக எரித்தார்கள். புதைப்பதில் ஆபத்தில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியும் ஏறத்தாழ ஓராண்டு இது தொடர்ந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. 2021 மார்ச்சில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தபோது, நாடெங்கிலுமிருந்து ஜனாஸாக்கள் வந்து சேர்ந்த இடம் நமது ஓட்டமாவடி மஜ்மா நகர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு அடங்கியிருக்கிறார்கள். பெரும்பாலானோர் முஸ்லிம்கள். கிறிஸ்தவர்களும் இந்துக்களும் பௌத்தர்களும் அதே மண்ணில் இருக்கிறார்கள்.

எழுதுகிறவர்களுக்கு

ஹதீஸ் நூல்களில் ஒரு சம்பவம் வருகிறது. நபித்தோழர் அபூதர் ஒரு மனிதரை அவருடைய தாயின் பெயரால் இழித்துப் பேசினார். கறுப்புத் தாயின் மகனே என்று ஏசியதாகவும், ஏசப்பட்டவர் பிலால் என்றும் மரபு கூறும். செய்தி நபிகளாரை எட்டியபோது, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது என்ற கருத்தில் கண்டித்தார்கள். ஈமான் கொண்ட பின்னும், உத்தம தோழராக இருந்தும், தாயைச் சொல்லி ஏசும் அந்தப் பழைய நோய் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்க முடியும் என்பதே இதன் பாடம். தாய்வழியில் தன்னை எண்ணும் மட்டக்களப்பு முஸ்லிமுக்கு இது இருமடங்கு உறைக்க வேண்டும்.

1990 ஐப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். கவிதைகளும் சிறுகதைகளும் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை நமது இழப்பைப் பற்றியவை. அது இயல்பு, அவசியமும்கூட. ஏறாவூரின் இழப்பை எழுதிய நாம் வீரமுனையின் இழப்பையும் எழுதியிருக்கிறோமா என்று கேட்டால் விரல் விட்டு எண்ணும்படியே இருக்கும். காத்தான்குடியை எழுதிய தமிழ் எழுத்தாளர்களும் சிலரே. கணக்குப் பார்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அடுத்த தலைமுறை யாருடைய கதையைக் கேட்டு வளரப் போகிறது என்ற கவலையில் சொல்கிறேன்.

சிறு வயதில் என் உம்மம்மாவிடம் திமிலர் போர்க் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருமுறை, திமிலர் ஓடிப்போனபோது அவர்களுடைய பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். உம்மம்மா சற்று யோசித்து, “கதையில அது இல்ல மனே” என்றா. அந்தப் பிள்ளைகளைப் பற்றி நம்மில் யாராவது எழுத வேண்டும்.